எரிமலை இல்லாத இடத்து வெந்நீர்



ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 34 ஆண்டுகள் ஆசிரியனாகவும், அவற்றின் இறுதியில் சில ஆண்டுகள் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி, 2017இல் ஓய்வு பெற்றவன் நான். அந்த 34 ஆண்டுகளில் வகுப்பறையில் நான் சொன்னவற்றுள் எத்தனை பிழை, எத்தனை சரி என்று கணக்கெடுத்தவர் ஒருவரும் இல்லை. ஆயினும் ஒரு பிழையை நான் நன்றாக அறிவேன். அது 1996இல் ஒன்பதாம் வகுப்பில், புவியியல் பாடத்தில் நிகழ்ந்தது. அதைத் திருத்திக்கொள்ள 28 ஆண்டுகளும், மலேயக் காட்டில் மூன்று இரவுகளும் எனக்குத் தேவைப்பட்டன. வெந்நீர் ஊற்றுகளைப் பற்றி இன்று நான் பேசப்போவது அந்தத் திருத்தத்தைத்தான்.

அன்று எரிமலைப் பாடம். பாடநூலில், எரிமலைப் பகுதிகளில் வெந்நீர் ஊற்றுகள் காணப்படும் என்று எழுதியிருந்தது. அது உண்மையே. ‘எரிமலை உள்ள இடத்தில் மட்டும்தான் வெந்நீர் ஊற்று இருக்கும், நம் தேசத்தின் தென்கோடியில் எரிமலை இல்லை, ஆகையால் ஊற்றும் இல்லை’ என்று நான் விரித்துரைத்தேன். ‘மட்டும்’ என்ற சொல் பாடநூலில் இல்லை. அதைச் சேர்த்தவன் நான்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவனுடைய பாட்டனார் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். இந்திய, இலங்கை அரசுகள் 1964இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி குடும்பத்தோடு இந்தியா திரும்பியவர். அந்தப் பையன், “ஸார், திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா என்று ஓர் ஊர். அங்கே ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கிறதாம். எங்கள் அம்மா சிறு வயதில் குளித்திருக்கிறாள். அங்கே எரிமலை ஒன்றும் இல்லையாம், ஸார்” என்றான்.

கன்னியாவைப் பற்றி நான் அப்போது கேள்விப்பட்டதில்லை. திருகோணமலையில் எரிமலை உண்டு என்று சொல்லவும் வழியில்லை. என் கூற்றில் பிழை இருக்கக்கூடும் என்று ஒப்பவும் மனம் வரவில்லை. “கதை அளக்கிறாயா?” என்று கேட்டுப் பிரம்பை எடுத்தேன். உள்ளங்கையில் இரண்டு அடி. அக்காலத்தில் அது பள்ளிக்கூட வழக்கம்தான் என்று சமாதானம் சொல்லலாம். நான் சொல்லப் போவதில்லை.

அந்த மாணவரின் பெயர் இங்கே வேண்டியதில்லை. எங்கள் வட்டாரம் மாறிய கதையும் அவர் கதையும் ஒன்றே. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை தொடங்கியது; 2010இல் ஒரகடத்தில் மற்றொன்று. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்களின் நடுவே நான்கு வழிச் சாலைகள் ஓடின. இருட்டினால் தவளைச் சத்தம் கேட்ட இடத்தில், இரவு முறை வேலையாட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளின் விளக்குகள் வரிசையாக ஊர்கின்றன. என்னிடம் படித்தவரும் டிப்ளோமா முடித்துத் தொலைபேசி செய்யும் ஆலை ஒன்றில் சேர்ந்தார். பின்னர் அந்த ஆலை மூடப்பட்டது. அவர் கடல் கடந்து பினாங்கு சென்றார். அங்கே பாயான் லெப்பாஸ் என்ற இடத்தில் 1972 முதலே மின்னணுத் தொழிற்பேட்டை நடக்கிறது. நம் ஒரகடத்துக்கு மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறாண்டுக்கு முன் பால்மரம் சீவ நம்மவர் போன கரைக்கு, இப்போது நுண்கருவிகளைச் சோதிக்கப் போகிறார்கள்.

2024 ஜூலையில் அவர் என்னை அழைத்தார். “ஸார், பத்து நாள் வந்து தங்குங்கள். உங்களுக்கு ஓர் இடம் காட்ட வேண்டும்” என்றார். எந்த இடம் என்று சொல்லவில்லை.

பினாங்கிலிருந்து காரில் தெற்கே புறப்பட்டோம். அவரும், அவர் மனைவியும், பன்னிரண்டு வயது மகளும் உடன் வந்தனர். ஈப்போவைச் சுற்றிச் செங்குத்தான சுண்ணாம்புக் குன்றுகள். அப்பால் ஒரு காலத்தில் உலகுக்கே வெள்ளீயம் தந்த கிந்தாப் பள்ளத்தாக்கு. இடப்புறம் நெடுகிலும் ஒரு நீல மலைத்தொடர் கூடவே வந்தது. அது தித்திவங்சா மலை. மலேயத் தீபகற்பத்தின் முதுகெலும்பு அதுவே. அதன் உயர்ந்த சிகரங்களுள் ஒன்றான கோர்பு 2,183 மீட்டர். சுங்காய் என்ற சிற்றூரில் நெடுஞ்சாலையை விட்டு விலகிச் செம்பனைத் தோட்டங்களினூடே உள்ளே போனோம். நிலமற்றவர்களுக்கு நிலம் தந்து குடியேற்ற 1956இல் ஏற்பட்ட ஃபெல்டா என்ற நிறுவனத்தின் குடியேற்றப் பகுதி அது. சாலையின் கடைசியில் மலையடிவாரம்; அதை ஒட்டிக் காடு; அங்கே தங்கும் வீடுகள். இடத்தின் பெயர் சுங்கை கிளா. ‘சுங்கை’ என்றால் மலாய் மொழியில் ஆறு.

வீட்டுக்குள் பையை வைத்துவிட்டு வெளியே வந்தவுடன் அழுகிய முட்டை நாற்றம் மெல்லத் தட்டியது. பத்தடி நடந்ததும் மரங்களுக்கிடையே ஆவி. நடைபாதைக்கு இருபுறமும் தரை ஈரமாகப் புகைந்துகொண்டிருந்தது. ஒரு புறம் மலையிலிருந்து வரும் ஓடை, கால் வைத்தால் சிலிர்க்கும் குளிர்ச்சி. மறுபுறம், கல்லிடுக்குகளிலிருந்து குமிழியிட்டு எழும் நீர். அதில் விரல் வைக்க முடியாது. தடுப்புக் கம்பிகள் போட்டிருந்தார்கள்.

மாணவர் என் பக்கத்தில் நின்றார். வெகு பணிவாகத்தான் கேட்டார்: “ஸார், இங்கே எரிமலை எங்கே இருக்கிறது?”

மலேயத் தீபகற்பத்தில் உயிருள்ள எரிமலை ஒன்றும் இல்லை. ஆனால் வெந்நீர் ஊற்றுகளோ ஏறக்குறைய 60 உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை இந்த மலைத்தொடரை ஒட்டியே இருக்கின்றன. என்னால் பதில் சொல்ல முடிந்தது; ஓய்வு பெற்ற பிறகு படித்திருந்தேன். “நீ அன்று சொன்னது சரி” என்றேன். அவர் சிரித்துவிட்டு, முட்டை வாங்கி வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். மீதி விளக்கத்தை அவர் மகளிடம்தான் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதற் கேள்வி, இந்த நீர் எங்கிருந்து வருகிறது? பூமியின் வயிற்றில் புதிதாகச் சுரக்கும் நீர் என்று முன்னோர் பலர் எண்ணினர். அது பெரும்பாலும் மழைநீரே. இதை எப்படி அறிவது? நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களுள் ஒரு சில சற்றுக் கனமானவை. ஆக்ஸிஜன் அணுக்களிலும் அப்படியே. உலகெங்கும் மழைநீரில் இந்த இரு கன அணுக்களின் விகிதங்களும் ஒரே ஒழுங்கில் இணைந்து மாறுகின்றன என்று 1961இல் ஹார்மன் கிரெய்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டினார். கைரேகை போல என்று கொள்ளுங்கள். வெந்நீர் ஊற்றுகளின் நீரைச் சோதித்தால், அதே கைரேகை தெரிகிறது. ஆக, இன்று நாம் கால் நனைக்கும் வெந்நீர், என்றோ ஒரு நாள் அந்த மலைமேல் பெய்த மழை. என்றோ என்றால், பல இடங்களில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்.

நாங்கள் தங்கிய மூன்று நாளும் மாலை நான்கு மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. அங்கே ஆண்டு மழை ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மேல். நம் வட்டாரத்தில் ஏறக்குறைய 1,200. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டி, ஏரியை நிரப்பி, மிச்சம் கடலுக்குப் போய்விடும். காட்டில் மழை நேராகத் தரையில் விழுவதே இல்லை. மேலே ஐம்பது மீட்டர் உயரத்தில் மெராந்தி மரங்களின் இலைக்கூரை, அதன்கீழ் இரண்டாவது கூரை, பிறகு செடிகள், பிறகு மக்கிய சருகு மெத்தை. மழை நின்று அரை மணியான பிறகும் காட்டுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த நீரில் பெரும்பங்கை மரங்களே குடித்து மறுபடி ஆவியாக விட்டுவிடுகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். காடு என்றால் நீரைச் சேமித்து வைக்கும் பெட்டி என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. ஆனால் மீதி நீர் ஓடிவிடாமல், மெதுவாக, பாறை வெடிப்புகளுக்குள் இறங்க அவகாசம் பெறுகிறது.

இரண்டாவது கேள்வி, நீருக்குச் சூடு ஏது? கீழே போகப் போக பூமி சூடாகிறது. உலகின் பல இடங்களில் ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரை ஏறும். இதை உணர்ந்தவர்கள் நம்மவரிடையே ஏராளம். கோலார் தங்க வயலில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கம் இறங்கினர். 2001இல் மூடப்படுமுன் அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போயிருந்தது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். குளிர்ந்த காற்றை மேலிருந்து செலுத்தாமல் மனிதன் அங்கே நிற்க முடியாது. அங்கே எரிமலை இல்லை. பாறை தானாகவே அவ்வளவு சூடு.

கவனிக்க வேண்டிய ஒன்று: 3 கிலோமீட்டருக்கு மேல் இறங்கியும் கோலாரில் 60 டிகிரிக்குச் சற்று மேல்தான். மேற்சொன்ன கணக்குப்படி நூறாவது இருக்க வேண்டும். தென்னிந்தியப் பாறை மிகப் பழையது, ஆறியது. தித்திவங்சா மலையோ கருங்கல், அதாவது கிரானைட். ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய குழம்பாக மேலெழுந்து, மண்ணுக்குள்ளேயே உறைந்த பாறை அது. கிந்தாவின் வெள்ளீயத்தையும் கொண்டுவந்தது இதே பாறைதான். அந்தப் பழைய குழம்பின் சூடு எப்போதோ ஆறிவிட்டது; இருபது கோடி ஆண்டுகள் எந்தக் குழம்பும் சூடாக இராது. ஆனால் இத்தகைய கருங்கல்லில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை மற்றப் பாறைகளைவிடச் சற்று அதிகமாகக் கலந்திருக்கின்றன. இவற்றின் அணுக்கள் சிறிது சிறிதாகச் சிதைந்து வெப்பத்தை உமிழ்கின்றன.

எவ்வளவு வெப்பம்? ஒரு கன மீட்டர் கருங்கல் தருவது ஒரு வாட்டின் பத்து இலட்சத்தில் சில பங்கு. ஒரு கிலோமீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட மாபெரும் கருங்கற் கட்டி முழுவதும் சேர்ந்து தருவது சில ஆயிரம் வாட், நம் குளியலறைகளில் மாட்டும் இரண்டு மூன்று நீர்சூடேற்றிகள் அளவு! மாணவரின் மகள் இதைக் கேட்டு ஏமாற்றமடைந்தாள். ஆனால் குளியலறைச் சூடேற்றியை நாம் பத்து நிமிஷத்தில் அணைத்துவிடுகிறோம். இது கோடிக்கணக்கான ஆண்டுகளாக அணைந்ததே இல்லை. அன்றியும் பாறை வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. கம்பளிப் போர்வை போல உள்ளேயே தேக்கும். ஆழத்திலிருந்து வரும் பூமியின் வெப்பத்தோடு இந்தச் சிறு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது.

இந்த அணுச் சிதைவுக்குச் சாட்சி நம் நாட்டிலேயே உண்டு. மேற்கு வங்காளத்தில் பக்ரேஷ்வர் என்ற தலத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. அவற்றின் நீரில் குமிழியிட்டு வரும் வாயுவில் ஹீலியம் கலந்திருக்கிறது. யுரேனியமும் தோரியமும் சிதையும்போது எறியும் ஆல்ஃபா துகள்களே ஹீலியமாக மாறுகின்றன. ஆக, பக்தர்கள் குளிக்கும் குளத்தில் எழும் குமிழி, பாதாளத்தில் அணுக்கள் உடைவதன் செய்தியைக் கொண்டுவருகிறது.

மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. சூடான நீர் ஆறிப்போகாமல் எப்படி மேலே வந்து சேர்கிறது? குடத்து வெந்நீரை மெல்லிய நூல்போல் ஊற்றிப் பாருங்கள். தரையைத் தொடுமுன் ஆறிவிடும். ஒரேயடியாகக் கொட்டினால் காலைச் சுடும். ஒரகடத்தில் வேலை செய்பவர்களுக்கு இதை ரேடியேட்டரைக் காட்டி விளக்கலாம். காரின் ரேடியேட்டரில் நீர் நூற்றுக்கணக்கான மெல்லிய குழல்களில் பிரிந்து ஓடுவதால்தான் வெப்பம் எளிதில் கைமாறுகிறது. ஒரே பருத்த குழாயில் ஓடினால் மாறாது. மலையில் மழைநீர் இறங்குவது பரந்த பரப்பில், எண்ணற்ற நுண்ணிய வெடிப்புகளின் வழியே, மிக மெதுவாக. ஆகவே பாறையின் வெப்பத்தை நன்றாக வாங்கிக்கொள்கிறது. ஏறுவதோ பாறை பிளந்து நகர்ந்த ஒரு பெரிய பிளவின் வழியே, ஒன்றாகச் சேர்ந்து, விரைவாக. ஆகவே வாங்கிய வெப்பத்தை வழியில் அதிகம் இழப்பதில்லை.

தள்ளுவது எது? ஒன்று, மலையுச்சியிலிருந்து இறங்கும் நீரின் எடை. மற்றொன்று, சூடேறிய நீர் இலேசாகிறது. 100 டிகிரியில் அது குளிர்நீரைவிட ஏறக்குறைய 4 விழுக்காடு இலேசு. ஆழத்தில் நீரின் சூடு நூறைத் தாண்டினாலும் அது கொதிப்பதில்லை. மேலுள்ள நீரின் அழுத்தம், பிரஷர் குக்கரின் மூடியைப் போல் அதை அடக்கி வைக்கிறது. தரையை நெருங்கி அழுத்தம் குறைந்ததும் குமிழி விடுகிறது.

ஊற்று வாயில் நிற்கும் நாம், அடியில் எவ்வளவு சூடு என்று எப்படி அறியலாம்? கிணறு தோண்டவே வேண்டாம். சூடான காபியில் ஜீனி எளிதில் கரைகிறது, ஆறியதில் கரைவதில்லை. அதேபோல் பாறையிலுள்ள சிலிக்கா, நீர் சூடாக இருந்தால் மிகுதியாகக் கரையும். விரைவாக மேலேறி ஆறும்போது அது உடனே பிரிந்து படிவதில்லை. ஆகவே மேலே வந்த நீரில் எவ்வளவு சிலிக்கா இருக்கிறது என்று அளந்தால், அடியில் எத்தனை டிகிரி இருந்தது என்று மதிப்பிடலாம். ஃபோர்னியர், ரோ என்ற இருவர் 1966இல் இம்முறையை வகுத்தனர். இன்றும் உலகெங்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இதற்குள் மாணவர் முட்டைகளோடு திரும்பினார். அங்கே வருபவர்கள் சிறு கூடையில் முட்டையை வைத்து வெந்நீரில் தொங்கவிடுவது வழக்கம். நான் உண்பதில்லை, ஆனால் பார்ப்பதற்குத் தடை ஏது? முட்டையின் மஞ்சள் கரு 65, 70 டிகிரியிலேயே கெட்டியாகும். வெள்ளைக் கரு முழுவதும் இறுக 80 டிகிரியாவது வேண்டும். ஆகவே நீரின் சூடு எழுபதுக்குச் சற்றுக் கீழே நின்றால், உள்ளே மஞ்சள் உருண்டு திரண்டும், வெளியே வெள்ளை தளதளவென்றும் இருக்கும். நம் அடுப்பில் கொதிக்கும் நீரில் இது நேர் மாறாக நடக்கிறது. முட்டையையே வெப்பமானியாகக் கொள்ளலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

குளிப்பதற்குக் குளிர்நீர் கலந்த தனித் தொட்டிகள் இருந்தன. என் முழங்கால் மூட்டு வலி பழையது. 40 டிகிரி அளவிலுள்ள நீரில் கால் மணி நேரம் அமர்ந்தேன். அன்றிரவு வலி குறைந்தது. மறுநாள் மாலை மறுபடி வந்தது. வெந்நீர் தசையைத் தளர்த்தி இரத்த ஓட்டத்தைக் கூட்டும்; அதற்குமேல் சர்க்கரை நோயைத் தீர்க்கும், புற்றுநோயைப் போக்கும் என்றெல்லாம் கூறுவதை நம்ப வேண்டாம். இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்டே இறங்க வேண்டும். தலையை நீருக்குள் முழுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் பொது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஓர் அமீபா, மூக்கின் வழியே ஏறி மூளையைத் தாக்கக்கூடியது. மிக அரிது, ஆனால் பெரும்பாலும் உயிர் தப்புவதில்லை. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் இந்நோய் கண்டதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அங்கே வெந்நீர் ஊற்றுக்கூட அல்ல, சாதாரணக் குளங்கள்.

அதே வெந்நீரில் மனிதனுக்கு நன்மை செய்யும் உயிரும் உண்டு. 1966இல் தாமஸ் பிராக் என்பவர் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றுகளிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிர் 70 டிகிரியில் சுகமாக வளர்ந்தது. அவ்வளவு சூட்டிலும் கெடாத அதன் நொதிப்பொருளைக் கொண்டுதான் பிற்காலத்தில் மரபணுவைப் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்கும் முறை வசதிப்பட்டது. 2020இல் உங்கள் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த சோதனை அம்முறையைச் சேர்ந்ததே. சுங்கை கிளாவில் கற்களின்மேல் பச்சையும் பழுப்புமாகப் படிந்திருந்ததை அச்சிறுமி அழுக்கு என்றாள். அதுவும் உயிர்க்கூட்டமே என்றேன். பிறகு அவள் அதன்மேல் மிதிக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை, பனிமூட்டம் விலகுமுன், மலைமேலிருந்து சியாமாங் என்ற வாலில்லாக் குரங்குகள் கூவின. ஒன்று தொடங்க மற்றொன்று சேர்ந்து, காடே அதிர்ந்தது. வழிகாட்டி ஒருவர் எங்களைக் காட்டுப் பாதையில் சிறிது தூரம் அழைத்துப் போனார். அட்டைகள் செருப்பில் ஏறின. ஓரிடத்தில் முள் நிறைந்த ஒரு கொடி மரத்தைப் பற்றி மேலே மேலே ஏறியிருந்தது. அதன் நுனி எங்களுக்குத் தெரியவில்லை. “ரோத்தான்” என்றார் வழிகாட்டி. மாணவர் என்னைப் பார்த்தார். பிரம்பு! தென்னைக்கும் பனைக்கும் உறவான தாவரம். ஆனால் நிமிர்ந்து நிற்கும் வலு இல்லாமல் கொக்கி முட்களால் பிற மரங்களைப் பற்றிக்கொண்டு, நூறு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. நாற்காலியாகவும் கூடையாகவும் உலகெங்கும் போவது. என் மேஜைமேல் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்ததும் இதன் தண்டே. உயிரோடு அதை நான் பார்த்தது அன்றுதான்.

“அன்று உன்னை அடித்திருக்கக் கூடாது” என்றேன். “அடி நினைவில்லை, ஸார்” என்றார் அவர். மரியாதைக்காகச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

சிறுமி மற்றொரு கேள்வி வைத்திருந்தாள். “தாத்தா, அப்படியானால் ஸ்ரீபெரும்புதூரில் ஏன் வெந்நீர் ஊற்று இல்லை?” என்றாள். நல்ல கேள்வி. நம் ஊருக்கு அடியிலும் சூடு இருக்கிறது. ஆனால் நிலம் தட்டையானது. நீரை ஆழத்துக்கு அழுத்தித் தள்ள உயர்ந்த மலை இல்லை. அடிப்பாறை பல்லாவரத்தில் வெளியே தெரியும் சார்னோகைட் இனம். மிகப் பழையது, இறுகியது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கல்லும் அதே இனம் என்பதால் 1893இல் தாமஸ் ஹாலண்ட் அதற்கு அப்பெயர் இட்டார். அந்தப் பழம்பாறைமேல் நம் ஊரில் களிப்பாறை அடுக்குகள் படிந்திருக்கின்றன. களி நீரை எளிதில் விடாது. நிலநூலார் அவற்றை ‘ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகள்’ என்றே குறிக்கிறார்கள். பல்லாவரத்தில் 1863இல் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் இப்படிவுகளையும் ஆராய்ந்தவர்.

அவற்றில் கிடைப்பவை என்ன தெரியுமா? இலைகள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட இலைகளின் அச்சு. ஈந்து போன்ற தோற்றமுள்ள செடிகள், பெரணிகள், ஊசியிலை மர வகைகள். கடற்சிப்பிகளின் பதிவும் உண்டு. அதாவது, இன்று சரக்கு லாரிகள் வரிசையில் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் கடலோரக் காடு நின்றது. நான் 34 ஆண்டுகள் பாடம் நடத்திய மண்ணுக்கடியில் இவை இருந்தன. ஒரு வகுப்பையாவது அழைத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம்.

தென்னிந்தியாவில் வெந்நீர் ஊற்று அறவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. கர்நாடகத்தில் புத்தூரை அடுத்து மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலில் பெந்துரு தீர்த்தம் இருக்கிறது, கைபொறுக்கும் மென்சூடுதான். கொங்கணக் கரையில் வஜ்ரேஷ்வரி முதலாகப் பல ஊற்றுகள். வடக்கே பீகாரின் ராஜகிரி, இமயத்தில் மணிகரண், லடாக்கில் பூகா. இவற்றில் எங்கும் எரிமலை இல்லை.

கன்னியாவிலும் அப்படியே. இலங்கையின் பெரும்பகுதி நம் தென்னாட்டைப் போன்ற பழம்பாறை நிலம். திருகோணமலை நகருக்கு வடமேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் ஏழு சிறு கிணறுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இருக்கின்றன. இராவணன் தன் தாய்க்கு நீர்க்கடன் செய்வதற்காக உண்டாக்கியவை என்று ஐதிகம். தமிழர் அங்கே அந்தியேட்டிக் கிரியை செய்யும் வழக்கமும் அதனால் வந்தது. ஏழும் அருகருகே இருந்தும் சூடு ஒன்று போல் இல்லை.

ஊர் திரும்பிய வாரமே மாணவரின் தாயாரைப் பார்க்கப் போனேன். ஒரகடம் சாலையை ஒட்டி, ஏரிக்கரைக்குக் கீழே வீடு. மகன் கொடுத்தனுப்பிய பொருள்களை ஒப்படைத்துவிட்டு, 1996இல் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்தே இருந்தது.

“அன்னிக்கு ராத்திரி சாப்பிடாம உக்காந்திருந்தான் ஸார். ‘கன்னியா நெசமாவே இருக்குதா அம்மா, இல்லே நீ சும்மா சொன்னியா’ன்னு கேட்டான்” என்றார்.

நான் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அருகருகே இருக்கும் கிணறுகளில் சூடு வேறுபடக் காரணம் என்ன என்று அவருக்கு விளக்கினேன்: அடியிலிருந்து வரும் வெந்நீர் ஒன்றுதான், மேல்மண்ணிலுள்ள குளிர்நீர் ஒவ்வொரு கிணற்றிலும் வெவ்வேறு அளவில் கலக்கிறது. அவர் தலையசைத்தார். “அதான் கடைசியா எதுல ஊத்திக்கணும்னு எங்கம்மா ஒரு வரிசை வெச்சிருந்தாங்க” என்று சொல்லி, திண்ணை மணலில் விரலால் ஏழு கட்டங்கள் வரைந்தார். எது மிகச் சூடு, எது அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்து, அவர் சொன்ன வரிசையிலேயே எழுதிக்கொண்டேன்.